தண்டவாளம் முந்தியா, ஊர் முந்தியா?

1990-களின் நடுவில் சைதாப்பேட்டையிலிருந்து கேளம்பாக்கத்துக்கு 19பி பேருந்தில் போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மத்திய கைலாஷ் கோயிலைத் தாண்டினால் சென்னை முடிந்துவிட்டது. தரமணியில் பாலிடெக்னிக்கும் திரைப்படக் கல்லூரியும் உண்டு. பெருங்குடியில் சிறு தொழிற்பேட்டை உண்டு. அதற்கப்புறம் ஏரி, வயல், சவுக்குத் தோப்பு, பனை. துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் என்று கண்டக்டர் கூவும் ஒவ்வொரு நிறுத்தமும் தனித்தனிக் கிராமம். சாலை இருவழிதான், எதிரே லாரி வந்தால் பஸ் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி வழிவிடும். கேளம்பாக்கத்தை நெருங்கினால் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். கிருத்திகை நாளில் மட்டும் திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போகிறவர்களால் வண்டி நிரம்பி வழியும்.

அந்தச் சாலைக்கு இன்று ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். வாயில் வருவதென்னவோ ஓ.எம்.ஆர்.தான். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர், ஆறு வழி. இரண்டு பக்கமும் கண்ணாடி போர்த்திய அலுவலகங்கள். காலையில் கம்பெனி கேப்கள், ஷேர் ஆட்டோக்கள், பள்ளி வேன்கள், தண்ணி லாரிகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்கின்றன. சாலை நடுவில் மெட்ரோ தூண்கள். உள்தெருக்களுக்குள் நுழைந்தால் பி.ஜி. விடுதிகளும் ஆந்திரா மெஸ்களும் வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய நாலு மாடி வீடுகளும். கிராமத்து மாரியம்மன் கோயில் அவற்றுக்கு நடுவில் இருக்கிறது, தேர் திரும்ப இடமில்லாமல்.

ஐ.டி. வந்தது, ஊர் மாறியது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் எது முதலில் வந்தது என்று பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில். சாலை ஆறு வழியாகித் திறந்தது 2008-இல். ரயில் இன்னும் வந்து சேரவில்லை. வேலை முதலில், அகலச் சாலை பிறகு, தண்டவாளம் கடைசியில். இதே நகரத்தின் தென்மேற்கில் 1931-இல் தொடங்கிய மாற்றம் இதற்கு நேர் எதிர்: ரயில் முதலில், ஊர் பிறகு. இரண்டுக்கும் நடுவே, ரயில் வந்தும் ஊர் அசையாத மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. போக்குவரத்து நகர நிலத்தை எப்படி மாற்றுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே ஊரில் கிடைப்பது பெரிய வசதி.

முதலில் இன்னும் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இந்தத் தென்பக்கத்தின் போக்குவரத்து சாலைக்கு முன்பு தண்ணீரில் நடந்தது. 1806-இல் வடக்கே தோண்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீண்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. காக்கிநாடா பக்கமிருந்து மரக்காணம் வரை படகு போகும். உப்பு, விறகு, கிளிஞ்சல் எல்லாம் அதில்தான் நகரத்துக்கு வந்தன. படகு மெதுவாகப் போகும், ஆனால் எவ்வளவு கனத்தையும் சுமக்கும். கனமான, கெட்டுப்போகாத, விலை குறைந்த சரக்குக்குத்தான் அது லாயக்கு. கரையோர நிலத்தில் உப்பளமும் சவுக்கும் சுண்ணாம்புக் காளவாயும் இருந்ததற்குக் காரணம் மண் மட்டும் அல்ல, படகின் வேகமும்தான். பாலையோ கீரையையோ அந்தப் படகில் ஏற்றினால் நகரம் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். 19பி பயணி ஜன்னல் வழியாகப் பார்த்த சவுக்கும் உப்பும், அதற்குள் செத்துப்போயிருந்த ஒரு போக்குவரத்து விட்டுச்சென்ற நில உபயோகம்.

இதைக் கணக்காக எழுதிய முதல் ஆள் ஒரு ஜெர்மன் பண்ணையார். யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் டியூனன் என்பவர் 1826-இல் வெளியிட்ட புத்தகத்தில், சந்தையிலிருந்து எவ்வளவு தூரத்தில் எந்தப் பயிர் விளையும் என்பதை வண்டிச் செலவு தீர்மானிக்கிறது என்று காட்டினார். நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பால், காய்கறி, விறகு, தானியம், கால்நடை. நடுவே படகு போகும் ஆறு ஒன்று ஓடினால் வளையங்கள் ஆற்றோரமாக நீண்டுவிடும் என்பதையும் அவர் யோசித்திருந்தார். பண்ணைக் கணக்கை எழுதிவைத்துப் பார்த்தவருக்கு வந்த யோசனை இது. பின்னால் வந்த எல்லா நகர மாதிரிகளுக்கும் அவர்தான் கொள்ளுத்தாத்தா.

இனி தாம்பரம் பக்கம். தென்னிந்திய ரயில்வே, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையை மின்மயமாக்கி 1931-இல் வண்டி விட்டது. அன்றைக்குத் தாம்பரம் எவ்வளவு தொலைவு என்பதற்கு ஒரு அடையாளம் போதும்: காசநோயாளிகளை ஊரை விட்டு விலக்கி, நல்ல காற்றுக்காக வைத்த மருத்துவமனை 1920-களின் பிற்பாதியில் அங்கேதான் அமைந்தது. தாம்பரம் சானடோரியம் என்ற ஸ்டேஷன் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. மின்சார வண்டி ஓடத் தொடங்கி ஆறு வருடத்தில், 1937-இல், எஸ்பிளனேடின் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. நேரம் பார்த்து வந்து நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி இல்லாத இடத்துக்கு ஒரு நகரக் கல்லூரி அவ்வளவு துணிந்து போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கல்லூரியைத் தொடர்ந்து குமாஸ்தாக்கள் போனார்கள். இதில் தண்டவாளத்துக்கு நிகரான பங்கு ஒரு அட்டைத் துண்டுக்கு உண்டு: சீசன் டிக்கெட். மாதம் ஒருமுறை பணம் கட்டிவிட்டால் தினசரிப் பயணம் ஏறக்குறைய இலவசம் என்ற நினைப்பு வந்துவிடும். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர் குரோம்பேட்டையில் கிணறும் தென்னையும் வைத்துச் சொந்தமாக ஓட்டுவீடு கட்டினார். ஊர் தொடர்ச்சியாக வளரவில்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாக வளர்ந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் நடந்துபோகிற தூரத்துக்கு வீடுகள், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடங்களைப் பிற்பாடு சைக்கிளும் டவுன் பஸ்ஸும் நிரப்பின, அப்புறம் ஸ்கூட்டர். 2004-இல் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடி நின்றபோது கிண்டி முதல் தாம்பரம் வரை இடைவெளி என்று சொல்ல எதுவும் இல்லை.

இந்தப் பாதையின் விளைவைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழையவேண்டும். தியாகராய நகர், ஏரியைத் தூர்த்து 1920-களில் குடியிருப்புக்கென்றே திட்டமிட்ட பேட்டை. பனகல் பூங்காவைச் சுற்றித் தெருக்கள், விசாலமான மனைகள், முன்னால் தோட்டம் விட்ட வீடுகள். ரங்கநாதன் தெருவும் வீட்டுத் தெருவாகத்தான் பிறந்தது. நீளம் சில நூறு மீட்டர். அதன் ஒரு முனையில் ரயில், மறு முனையில் உஸ்மான் சாலையும் பேருந்துகளும். ரயிலை விட்டு பஸ் பிடிக்கப் போகிறவர், பஸ்ஸை விட்டு ரயிலுக்கு ஓடுகிறவர் எல்லோரும் அந்தத் தெருவில் நடந்தாக வேண்டும். தினமும் அத்தனை கால்கள் வாசலைக் கடந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? திண்ணையை ஒரு பாத்திரக் கடைக்கு விடுவார். அடுத்தவர் முன்னறையை ஜவுளிக்கு விடுவார். ஒரு கட்டத்தில் வீட்டில் குடியிருப்பதே வீண்செலவாகத் தோன்றும். இடித்துவிட்டு மாடி மேல் மாடியாகக் கடை. எந்தத் திட்ட வரைபடமும் அதைக் கடைத்தெருவாக்கச் சொல்லவில்லை. கடைத்தெரு ஆனபின் வரைபடம்தான் அதை ஒப்புக்கொண்டது.

வில்லியம் அலான்சோ என்ற அமெரிக்கர் 1964-இல் எழுதியது இதைத்தான். நகரத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஓயாமல் ஒரு மறைமுக ஏலம் நடக்கிறது. கடைக்காரர், அலுவலகம், குடும்பம் எல்லோரும் அங்கே இருந்தால் மிச்சமாகும் பயணச் செலவுக்கு ஏற்ப விலை கேட்கிறார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவர் பயன்பாடு அங்கே நிற்கிறது. ரங்கநாதன் தெருவில் குடும்பங்கள் அந்த ஏலத்தில் தோற்றன.

ஆனால் அதே தெருவில் சமீபத்தில் நடந்த ஒன்றை இந்தக் கோட்பாட்டில் அடக்க முடியவில்லை. மாம்பலம் ஸ்டேஷனையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்தார்கள். வண்டி மாறுவதற்காக மட்டும் வருகிறவர் இனி ரங்கநாதன் தெருவில் கால் வைக்க வேண்டியதில்லை. தெரு பிறந்ததற்கான காரணமே போய்விட்டது என்று சொல்லலாம். தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தைப் பிடிக்க வந்த கடைகள், இப்போது தாங்களே கூட்டத்தை வரவழைக்கின்றன. தீபாவளிக்கு முன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். போக்குவரத்து ஒரு நிலத்துக்குக் கொடுத்த உருவம், அந்தப் போக்குவரத்து இடம் மாறினாலும் சுலபத்தில் போவதில்லை. எதிர்காலத்தைக் கணிக்கும் மாதிரிகள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான்: பாதை போட்டால் என்ன ஆகும் என்பதை ஓரளவு சொல்லிவிடுகின்றன, எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை தவறுகிறது.

மாதிரிகளின் கணக்கைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். வால்டர் ஹேன்சன் 1959-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறைக்கு அடிப்படை. அவர் கேட்ட கேள்வி எளிது: ஓர் இடத்திலிருந்து எத்தனை வேலைகளை எட்ட முடியும்? நகரத்தில் உள்ள ஒவ்வொரு வேலை மையத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே உள்ள வேலைகளின் எண்ணிக்கையைப் பயண நேரத்தால் குறையுங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். வருவதுதான் அந்த இடத்தின் அணுகல். அது எவ்வளவு அதிகமோ, அங்கே காலி மனை அவ்வளவு சீக்கிரம் வீடாகும். குறைப்பது சாதாரண வகுத்தல் அல்ல. நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பதாக வைத்துக்கொண்டால், 40 நிமிடம் 20 நிமிடமாகும்போது அதே 10,000 வேலைகளின் எடை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்காகிறது. சாலை அகலமாகும் என்ற செய்தி வந்ததுமே புரோக்கர்கள் நாவலூருக்கு ஓடியதை இந்த ஒரு கணக்கு விளக்கிவிடும். அவர்கள் ஹேன்சனைப் படித்ததில்லை. விடை மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

ஓ.எம்.ஆரைப் புரிந்துகொள்ள ஹேன்சனைவிட ஐரா லோரி உதவுகிறார். 1964-இல் பிட்ஸ்பர்க் நகரத்துக்காக அவர் உருவாக்கிய மாதிரி, நகரத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து வேலைகளை இரண்டு வகையாக்கியது. முதல் வகை வெளியூர்ச் சந்தைக்காக உழைப்பது; அது எங்கே உட்காரும் என்பதை மாதிரி கேள்வி கேட்காது, கொடுத்ததை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகை, உள்ளூர் ஆட்களுக்குச் சேவை செய்வது. முதல் வகை வேலைக்கு வருபவர் பக்கத்தில் வீடு தேடுவார். அந்த வீடுகளுக்கு மளிகை, சலூன், பள்ளி, கிளினிக் வேண்டும். அவற்றில் வேலை செய்கிறவர்களுக்கும் வீடு வேண்டும். அந்த வீடுகளுக்கு மறுபடி மளிகை. இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடி, கூடுதல் குறைந்துகொண்டே வந்து, ஒரு நிலையில் நிற்கும். டைடல் பார்க்கையும் சிறுசேரி சிப்காட்டையும் சோழிங்கநல்லூர் எல்காட் வளாகத்தையும் முதல் வகையாக வைத்தால் மிச்சமெல்லாம் லோரி சொன்னபடியே வரிசையில் வந்தன. துரைப்பாக்கத்தில் முதலில் அடுக்ககம், அப்புறம் சூப்பர் மார்க்கெட், அப்புறம் சர்வதேசப் பள்ளி, அப்புறம் பெரிய மருத்துவமனை, அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகை அறை, அந்த அறைவாசிகளுக்கு மெஸ்.

மெஸ்ஸுக்குக் காய் நறுக்குகிற அம்மாவுக்கு வீடு எங்கே என்று லோரியின் மாதிரி கேட்காது. பக்கத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளும். இதற்குப் பின்னால் வருகிறேன்.

ரயில் வந்தும் ஊர் அசையாத கதை பறக்கும் ரயிலுடையது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கி, 1997-இல் திருமயிலைக்கும், 2004-இல் திருவான்மியூருக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் போய்ச் சேர்ந்தது. ஹேன்சன் கணக்குப்படி ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் நகரம் மேலெழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. ஸ்டேஷன்கள்தான் எழும்பின: ஆள் இல்லாத பிரம்மாண்ட தளங்கள், கடைக்கென்று கட்டி வௌவால் குடியேறிய கூடங்கள். பயணிகள் எண்ணிக்கை திட்டமிட்டதன் அருகில்கூட வரவில்லை.

காரணம் ரயிலில் இல்லை, ரயிலைச் சுற்றி இருந்த நிலத்தில். பாதையைப் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தூண் நிறுத்திக் கொண்டுபோனார்கள். நிலம் கையகப்படுத்தும் தொல்லை மிச்சம். அதனால் ரயில் ஆட்கள் போகும் வழியில் போகாமல் தண்ணீர் போகும் வழியில் போனது. பஸ் நிறுத்தம் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம். வழியில் இருந்ததோ ஸ்டேடியம், பல்கலைக்கழகம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், தரமணியின் மதில் வைத்த அரசு நிறுவனங்கள். மதிலுக்குப் பின்னால் இருக்கும் நிலம் எந்த ஏலத்துக்கும் வராது. வீட்டு மனைகளிலும், ரயில் வந்துவிட்டது என்பதற்காக இன்னொரு மாடி கூடுதலாக எழுப்ப விதி இடம் தரவில்லை. பெருங்குடி ஸ்டேஷன் இருக்குமிடம் சதுப்பு நிலத்தின் ஓரம். பெருங்குடி அலுவலகங்கள் இருப்பது ஓ.எம்.ஆரில். ரயில் வந்தால் ஊர் வரும் என்ற 1931-இன் பாடத்தை அப்படியே ஒப்பித்ததன் விளைவு இது. 1931-இல் வழியெல்லாம் விற்கக்கூடிய தனியார் நிலம் இருந்தது, எவரும் கட்டலாம் என்றிருந்தது. அந்தப் பாதி பாடத்தை மறந்துவிட்டோம்.

விதியின் பலத்தைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் எளிய சோதனை கண்ணெதிரே இருக்கிறது. ஓ.எம்.ஆரும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் நடுவில் கால்வாயை வைத்துக்கொண்டு, பல இடங்களில் ஓரிரு கிலோமீட்டர் இடைவெளியில் இணையாக ஓடுகின்றன. மகாபலிபுரத்துக்குப் போக இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம். நகர மையத்திலிருந்து தூரமும் அதே. தூரத்தை மட்டும் பார்க்கும் மாதிரி இரண்டுக்கும் ஒரே எதிர்காலத்தைச் சொல்லும். நடந்தது என்ன? ஒன்றில் அலுவலகக் கோபுரங்கள். மற்றதில் ரிசார்ட், கேளிக்கைப் பூங்கா, பங்களா, தட்சிணசித்ரா. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 முதல் கிழக்குப் பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. போதாததற்கு, மணலில் மழைநீர் இறங்கி நிலத்தடியில் சேரும் பகுதி என்று கட்டடப் பரப்புக்கும் கட்டுப்பாடு. மேற்குப் பக்கத்திலோ ஐ.டி. கட்டடங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தளப்பரப்பை அரசே அனுமதித்தது. சாலை வாய்ப்பைக் கொடுத்தது, உருவத்தைக் கொடுத்தது அரசாணை.

சாலைக்கு இன்னொரு குணம் உண்டு. அது தன் பயனைத் தானே தின்னும். ஆறு வழி திறந்த புதிதில் அடையாறிலிருந்து சோழிங்கநல்லூருக்குப் பறக்கலாம். அந்த வேகத்தை நம்பி வீடு வாங்கியவர்கள் குடியேறக் குடியேற வேகம் குறைந்தது. போக்குவரத்துப் பொறியாளர்கள் காலங்காலமாகப் போடும் நாலு படிக் கணக்கில் இது சேராது: எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எந்த வண்டியில், எந்தச் சாலையில் என்று வரிசையாகப் பார்ப்பார்கள்; யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் மாறாத ஒன்றாக முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். மேம்பாலம் கட்டியதால் குடியிருப்பே இடம் மாறும் என்பது கணக்குக்கு வெளியே. நிலத்தையும் போக்குவரத்தையும் ஒரே சுழற்சியில் வைத்து ஓட்டும் மாதிரிகள் வந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

மாதிரிகளுக்குச் சுத்தமாகத் தெரியாதது தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். 2022-இல் அதற்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை அதன் குறுக்கே போகிறது. சதுப்பில் சேரும் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாக ஓ.எம்.ஆருக்கு அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்ச் சேரவேண்டும். சாலை அங்கே சாலையாக மட்டும் இல்லை, அணையாகவும் நிற்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வாசிகள் இதை முழங்காலளவு நீரில் நின்று தெரிந்துகொண்டார்கள். கோடையில் நேர் எதிர்: 2019 ஜூனில் தண்ணீர் இல்லாமல் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. துரைப்பாக்கம் முதல் செம்மஞ்சேரி வரையுள்ள ஊர்கள் மாநகராட்சியில் சேர்ந்தது 2011-இல்; குழாய்த் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. எந்த ஃபிளாட்டின் விளம்பரத்திலும் சாலை இருக்கும். மாதம் எத்தனை லாரி தண்ணீர் இறக்க வேண்டும் என்பது இருக்காது, குடியேறிய பின் சங்கக் கூட்டத்தில்தான் தெரியவரும்.

காய் நறுக்குகிற அம்மாவுக்கு வருகிறேன். அவர் பெரும்பாலும் ஓ.எம்.ஆரை ஒட்டிய கண்ணகி நகர்க்காரர். 2000 முதல் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் வேறு குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றிய குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கிய குடியிருப்பு அது. 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். அதற்கடுத்து செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மாதிரிகளில் ஒவ்வொரு குடும்பமும் வாடகையையும் பயணச் செலவையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்து வீடு தேர்ந்தெடுக்கும். இந்தக் குடும்பங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, லாரியில் ஏற்றப்பட்டன. வேலை மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் இருந்தது, வீடு 20 கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டது. விடியற்காலைப் பேருந்தில் பழைய வேலைக்கே போய்வந்தவர்கள் உண்டு. வேலையை விட்டவர்கள் அவர்களைவிட அதிகம் என்பது அங்கே யாரிடம் பேசினாலும் கிடைக்கும் பதில். கொஞ்ச வருடத்தில் ஓ.எம்.ஆர். அலுவலகங்களின் துப்புரவும் காவலும் சமையலும் இவர்கள் கைக்கு வந்தன. தொழில் மண்டலத்துக்குப் பக்கத்திலேயே வேலையாட்கள் வசிப்பதாக இன்று ஒருவர் கணினியில் வரைபடம் போட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். சந்தை செய்த வேலை என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட குறைகளைத் துறைக்குள் இருப்பவர்களே சொல்லாமல் இல்லை. 1973-இல் டக்ளஸ் லீ என்பவர் பெரும் நகர மாதிரிகளுக்கு இரங்கற்பா பாடுவதுபோல் ஒரு கட்டுரை எழுதி, அவற்றின் ஏழு பாவங்களைப் பட்டியலிட்டார்: எல்லாவற்றையும் செய்யப் பார்க்கின்றன, தரவுக்கு அடங்காப் பசி, பயங்கரச் செலவு, இப்படி. அன்றைய கணினிக்கு அது நியாயமான குற்றச்சாட்டு. 1990-களில் பால் வாடெல் அமெரிக்காவில் உருவாக்கிய அர்பன்சிம் போன்ற மாதிரிகள் வேறு தினுசு. அவற்றில் நாளடைவில் கட்டங்கள் மறைந்து, தனித்தனி மனையும் தனித்தனிக் குடும்பமும் வந்தன. வருடம் வருடமாக யார் குடிபெயர்வார், எந்த மனையில் கட்டடம் எழும் என்று ஓட்டிப் பார்க்கலாம். இன்று கைபேசிச் சிக்னலிலிருந்து பயணத்தையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டட வளர்ச்சியையும் எடுத்துவிடலாம். தரவுப் பசி ஓரளவு தீர்ந்துவிட்டது.

இங்கே உள்ள சிக்கல் கணினியில் இல்லை. சென்னையில் நிலத்துக்குப் பொறுப்பு பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு, பஸ், ரயில், மெட்ரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகம். எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடைக்குள் கொண்டுவர கும்டா என்ற அமைப்புக்கு 2010-இல் சட்டம் இயற்றி, அது இயங்கத் தொடங்க 2022 ஆனது. அதே 2022-இல் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. தென்மாவட்டங்களுக்குப் போகும் வெளியூர்ப் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். புதிய நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது, ரயில் இணைப்பு இல்லாமலே. 2002-இல் கோயம்பேட்டுக்குப் பேருந்து நிலையம் வந்ததால் முளைத்த லாட்ஜுகளும் பார்சல் ஆபீஸ்களும் இரவு முழுக்கத் திறந்திருக்கும் டிபன் கடைகளும் இனி என்ன ஆகும், கிளாம்பாக்கத்தில் என்ன முளைக்கும் என்பதை நேரடியாகப் பார்க்கக் கிடைத்த அரிய தருணம் இது. ரங்கநாதன் தெரு போல் கோயம்பேடு தாக்குப்பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே தங்கியவர்கள் கோயம்பேட்டுக்காக வந்தவர்கள் அல்ல, விடிந்தால் பஸ் பிடிக்க வந்தவர்கள். காய்கறிச் சந்தையும் மெட்ரோவும் இருப்பது வேறு விஷயம். லாட்ஜுக்கு அவை சோறு போடாது.

ஓ.எம்.ஆருக்கு மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் வருகிறது. மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. மாதவரத்திலிருந்து வரும் தடம் ஓ.எம்.ஆர். வழியாக சிறுசேரி சிப்காட் வரை போகும். ஏற்கெனவே கட்டி முடித்த ஊருக்குள் ரயில் நுழைவதால் 1931-இன் மந்திரம் பலிக்காது. நகரம் அடுத்து எப்படி வளரும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்டேஷன் ஓர இடம் அதற்குள் கார் வைத்திருப்பவர்களால் நிரம்பிவிட்டது. ஸ்டேஷனுக்கு அரை கிலோமீட்டரில் மதில் சூழ்ந்த அடுக்ககம், அதன் வாசல் எதிர்த்திசையில். நடந்தால் ஐந்து நிமிடம் என்பதை மதில் இருபது நிமிடமாக்கும். 2019-இல் வந்த கட்டட விதிகள் மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவைச் சாதாரணக் கட்டடத்துக்கு 1.5-லிருந்து 2 ஆகவும் உயரக் கட்டடத்துக்கு 3.25 ஆகவும் உயர்த்திவிட்டன; ஸ்டேஷன் ஓரத்துக்கு மட்டும் அல்ல, எங்கும். சி.எம்.டி.ஏ.வின் மூன்றாவது பெருந்திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனைச் சுற்றிச் சின்ன வீடுகளுக்கும் வாடகைக் குடியிருப்புக்கும் அதில் இடம் வைக்கிறார்களா, மதில்களுக்கு நடுவே பொதுப் பாதை கேட்கிறார்களா என்பதைப் பார்க்கவேண்டும்.

மனை விற்பவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. படூரிலும் கேளம்பாக்கத்திலும் திருப்போரூர் போகும் வழியிலும் ‘மெட்ரோவுக்கு மிக அருகில்’ என்று பலகைகள் நிற்கின்றன. சிலது தடம் முடியும் இடத்துக்கும் பல கிலோமீட்டர் தெற்கே. முதல் வண்டி ஓடுவதற்கு முன்பே அந்த ரயிலின் பலன் கிரவுண்டு விலையில் ஏறிவிட்டது. வாங்குகிறவர் கொடுக்கிறார், விற்கிறவர் வாங்கிக்கொள்கிறார். கடன் வாங்கித் தூண் நிறுத்திய அரசுக்குப் பத்திரப்பதிவன்று முத்திரைத் தீர்வை வருகிறது, அதுவும் வழிகாட்டி மதிப்பில்.